தேஷூனின் சிவப்புக் கச்சை

அந்நியப் படைகள் பெக்கிங்கைப் பிடித்து ஆளுக்கொரு பகுதியாகப் பங்கு போட்டுக்கொண்டபோது, எங்கள் சந்து ஜப்பான்காரர் பங்கில் விழுந்தது. வாசலில் அவர்கள் கொடி தொங்க வேண்டுமாம். வெள்ளையில் சிவப்பு வட்டம். தொங்காத வீட்டுக்குள் புகுந்து தேடுவார்களாம். தேடினால் என் தம்பி தேஷூன் தொலைந்தான். அந்நியரை விரட்டப் போகிறேன் என்று முஷ்டிப் படையில் சேர்ந்த மகாராசன், தோளில் குண்டடியோடு திரும்பி வந்து, அடுக்களைச் சோளத்தட்டைக் குவியலுக்குப் பின்னால் பதுங்கியிருந்தான்.

வெள்ளைக்குப் பஞ்சமில்லை, அப்பாவின் துக்கத் துணி இருந்தது. சிவப்புக்கு எங்கே போவேன்? சாயக்கடை எரிந்து கிடந்தது. வீட்டில் சிவப்பென்று இருந்தது அவன் இடுப்பில் கட்டியிருந்த முஷ்டிப் படைக் கச்சை ஒன்றுதான்.

"கழட்டுடா."

"அக்கா! குரு மந்திரிச்சுக் குடுத்தது. குண்டு தொடாது."

"தொடாமத்தான் தோள்ல ஓட்டையா?"

"அவனுங்க கொடிக்கா இதை வெட்டுவே? அதுக்கு என் கழுத்தை வெட்டு!"

"அதுக்குத்தான் அவனுங்க வரானுங்க, அவசரப்படாதே."

ஒரு முனையைப் பிடித்து இழுத்து, கிண்ணத்தைக் கவிழ்த்து வட்டமாக வெட்டினேன். மிச்சத்தைப் பிடுங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு திரும்பிப் படுத்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் தையல் கோணிப்போயிற்று.

கொடியைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தியதுதான் தாமதம், பூட்ஸ் சத்தம் வாசலில் வந்து நின்றது. என் கோணல் தையலைப் பார்த்தோ என்னவோ, எவனோ சிரித்தான். சத்தம் கிணற்றடிப் பக்கம் நகர்ந்தது.

"உன் குரு பொய் சொல்லலடா, துணி குண்டைத் தடுத்துடுச்சு" என்றேன். குவியலுக்குப் பின்னால் அவன் முதுகு குலுங்கியது.

அப்போது பின்கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு ரூ அண்ணி ஓடி வந்தாள். புருஷனை இழந்தவள், இடுப்பில் கைக்குழந்தை.

"தங்கச்சி, துளி சிவப்புத் துணி குடும்மா! கிணத்தடியிலேருந்து திரும்பி வரானுங்க. என் வாசல் மொட்டையா நிக்குது."

தம்பி இங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது. துணியோ அவன் சட்டைக்குள். கேட்டால் அவன் குட்டு உடையும்.

"இல்லையே அண்ணி" என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது. அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு திரும்பினாள்.

சோளத்தட்டை சரசரத்தது. குவியலுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. அதில் மிச்சக் கச்சை முழுவதும் இருந்தது. அண்ணி அலறப்போய், வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பெருசா வெட்டுக்கா" என்றான் தேஷூன், என் முகத்தைப் பார்க்காமல். "தூரத்துலயே தெரியணும்."