சார்ஜிங் பாயிண்டுக்கு இடம் பார்க்க வந்தவர்

இடம் பார்க்க வந்தவர் பைக்கை நிறுத்திவிட்டு நேரே மின்கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். கடை நிழலில் உட்கார்ந்திருந்த சூசைமுத்து எழுந்துவிட்டார். கார் நிறுத்த இடம் பார்க்க வந்த ஆளுக்குக் கம்பத்தில் என்ன வேலை?

எல்லாம் மருமகள் கிளாராவால் வந்த வினை. ஓடைப்பட்டி ரோட்டோரம், தோட்டத்து முகப்பில் அவள் திராட்சையும் ஜூஸும் விற்கிறாள். கேரளாக் கார்கள் வந்தால் பத்து நிமிடம் நிற்கும். பேட்டரிக் காருக்கு சார்ஜ் போடுகிற பெட்டி ஒன்று வைத்தால் ஒரு மணி நேரம் நிற்கும் என்பது அவள் யோசனை. அதற்கு அரசாங்கம் மானியம் தருகிறதென்று செல்போனில் பார்த்து விண்ணப்பமும் போட்டுவிட்டாள். நிலம் மாமனார் பெயரில் இருந்ததால், கையெழுத்துக்கு மட்டும் அவரிடம் வந்தாள். குமுளியில் ஏலக்காய்க் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் அருண் ஜோசப்பும் பொண்டாட்டி பக்கமே பேசினான்.

"சும்மா குடுக்க அவுகளுக்கென்ன கிறுக்கா? பெட்டி வைக்கிற சாக்குல உள்ள வருவாக. மோட்டார் ரூம நோண்டுவாக. அப்பறம் இலவசக் கரண்டப் புடுங்கிட்டுப் போவாக" என்று சூசைமுத்து எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார்.

"இதுக்குத் தனி மீட்டரு மாமா. மோட்டாருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்பாள் அவள்.

சம்பந்தம் அவருக்குத்தான் தெரியும். எட்டு வருடத்துக்கு முன்னால், விவசாயத்துக்கென்று கொடுத்த இலவச இணைப்பிலிருந்து மண்ணுக்கடியில் ஒரு வயரை வீட்டுக்கு இழுத்திருந்தார். வீட்டு ஃபேனும் ஃபிரிட்ஜும் அதில்தான் ஓடின. பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட அதைச் சொன்னதில்லை. பிடிபட்டால் இணைப்பே போய்விடும். அறுப்புக்கு இன்னும் இருபது நாள். ஒரு வாரம் தண்ணீர் இல்லையென்றால் கொடியில் பழம் சுருங்கித் தொங்கும்.

வந்தவர் டேப்பை நீட்டி ரோட்டோரம் அளக்கத் தொடங்கியதும், சூசைமுத்து கட்டிங் பிளேயரைத் துண்டில் சுருட்டிக்கொண்டு மோட்டார் ரூமுக்குள் நுழைந்தார். வயர் ஏற்கெனவே கழன்று கிடந்தது. முனையில் கறுப்பு டேப் சுற்றி, அதன்மேல் நூலாம்படை படிந்திருந்தது. இன்றைக்கு நேற்றுச் செய்த வேலை அல்ல.

பக்கத்துத் தோட்டத்துப் பாண்டீஸ்வரன்தான் என்று முதலில் நினைத்தார். சாட்சிக்குப் போட்டோவும் எடுத்து வைத்திருப்பான். அப்புறம்தான் உறைத்தது. காலையில் வீட்டு ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டுதானே இருந்தது, எந்தக் கரண்டில்? கிறிஸ்துமஸுக்குப் பிறகு வீட்டுக் கரண்டு பில் ஏறியதும், மீட்டர் கள்ள மீட்டர் என்று ஆபீஸில் போய்க் கத்திவிட்டு வந்தது நினைவுக்கு வந்து காது சுட்டது.

"இங்கன என்ன மாமா பண்றீக? அவுக கூப்புடுறாக."

வாசலில் கிளாரா. துண்டுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த பிளேயரை அவள் பார்த்தாள்.

"அத வச்சுட்டு வாங்க. கிறிஸ்மஸுக்கு வீட்டு வயரிங் பாக்க வந்த ஆள வச்சு அப்பவே கழட்டியாச்சு."

நன்றி வரவில்லை அவருக்கு, கோபம்தான் வந்தது. இத்தனை மாதம் தெரியாத மாதிரியே எப்படிச் சோறு போட்டாள்? இவளுக்கு இன்னும் என்னென்ன தெரியும்?

"யார் யார்ட்டச் சொன்ன?"

"யார்ட்டயும் சொல்லல. அவருட்டக்கூடச் சொல்லல."

அவர் நம்பவில்லை.

கடைக்குத் திரும்பியபோது வந்தவர் திராட்சையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். விஜய்ராஜ் என்று பெயர் சொன்னார். "ஒரே ஒரு உறுதிமொழிதான் ஐயா. வாசிச்சுட்டுப் போடுங்க" என்று ஒரு தாளை மேசையில் வைத்தார்.

எட்ட இருக்கிற எழுத்துக்கு சூசைமுத்துவுக்குக் கண்ணாடி தேவையில்லை. நின்றபடியே வாசித்துவிட்டார். 'விவசாய மின் இணைப்பை இதுநாள்வரை வேறு எதற்கும் நான் பயன்படுத்தவில்லை. தவறெனத் தெரியவந்தால் இணைப்பைத் துண்டிக்கலாம்.'

"கண்ணாடி கொண்டாரல. நீ வாசி ஆத்தா" என்றார். அவள் என்ன செய்கிறாள் என்று பார்க்க வேண்டியிருந்தது.

கிளாரா தாளைத் தூக்கிப் பிடித்தாள். "விவசாய மின் இணைப்பை வேறு எதற்கும் நான் பயன்படுத்தவில்லை" என்று வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். 'இதுநாள்வரை'யைக் காணோம். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. விஜய்ராஜ் கவனிக்கவே இல்லை.

மாமனார் பொய்க்குக் கையெழுத்துப் போடக் கூடாதென்று அந்தச் சொல்லை விட்டாளா, இல்லை சட்டென்று போட வைக்கவா? அவள் முகத்தைப் பார்த்தும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. பேனாவை வாங்கினார்.

அந்நேரம் மும்முனைக் கரண்டு வந்தது. தோட்டத்து மோட்டார் உறும, தொட்டியில் தண்ணீர் குதித்து விழுந்து கொடிகளுக்கு அடியில் ஓடியது. விஜய்ராஜ் எழுந்துபோய் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார்.

கிளாரா, அவர் கையெழுத்துப் போடத் தாளை மேசையில் வைத்து, அது பறந்துவிடாமல் ஓரத்தில் விரலை அழுத்திக்கொண்டு, ரோட்டையே பார்த்தபடி நின்றாள். அழுத்திய அழுத்தத்தில் அவள் நகம் வெளுத்திருந்தது.