சிவப்பு எரிந்தால் வராதே

கணக்கு வாத்தியாருக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே நிறம்தான். இது அவருக்கும் ஒரு கண் டாக்டருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். இந்த லட்சணத்தில், ஓய்வு கிடைத்தால் எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களோடு மல்லுக்கட்டுவதுதான் அவருக்கு உயிர். ரெசிஸ்டரின் அளவைச் சொல்லும் நிறக்கோடுகளைப் பார்க்காமல் ஒவ்வொன்றையும் மீட்டரில் வைத்து அளப்பார். மனுஷனுக்கு என்ன பொறுமை என்று வீடே மெச்சும். அவரும் மறுக்க மாட்டார்.

மனைவிக்கு நாலு வருஷத்துக்குப் பிறகு ஒரு வேலை கூடிவரும் போலிருந்தது. வீட்டிலிருந்தே வீடியோவில் நேர்காணல். நடுவில் யாரும் நுழைந்துவிடக் கூடாதே என்று வாத்தியார் அறைக் கதவுக்கு மேல் இரட்டை நிற எல்.இ.டி. ஒன்றை மாட்டினார். உள்ளே சுவிட்சைப் போட்டால் சிவப்பு, வராதே. அணைத்தால் பச்சை, வரலாம்.

விளக்குக்கு மூன்று கால். நடுக்காலுக்கு இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் பச்சை என்று கடைக்காரர் காட்டித்தான் கொடுத்தார். வாத்தியார் வீட்டுக்கு வந்து அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஒயர்களைப் பற்றவைத்தார். யாரையாவது கூப்பிட்டு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கலாம். கௌரவம் விட்டால்தானே!

மறுநாள் நேர்காணல் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மச்சான், அதாவது மனைவியின் தம்பி, குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு வந்தான். கதவுக்கு மேலே ஒழுங்காகப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனான்.

"அக்கா, என் பேன்ட்டை எங்க வச்சே?"

போன வேகத்தில் வெளியே ஓடிவந்தான். பத்து நிமிஷம் கழித்து மனைவி சுவிட்சை அணைத்துவிட்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது. வாத்தியாருக்கு அது குரலில்தான் தெரிந்தது.

"அறிவிருக்காடா உனக்கு?"

"பச்சைதானேக்கா எரிஞ்சுது!"

வாத்தியார் விளக்கைக் காட்டி அவனை அதட்டினார். "கண்ணைத் திறந்து பாருடா! இப்ப எரியுதே, இதுதான் பச்சை!"

விளக்கு செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இனி மறைக்க வழியில்லை.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்" என்றார். அவமானத்தில் தலை நிமிரவில்லை. "உன் வேலையைக் கெடுத்துட்டேன்."

"கெடல. அந்த மேலதிகாரி அம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. மீதியை நாளைக்குப் பேசலாமாம், கதவைத் தாழ் போட்டுக்கிட்டு." மனைவி அவரையே பார்த்தாள். "அதில்ல என் கவலை. முதல்முதலா என்னைப் பார்த்தப்ப, இந்தச் சிவப்பு உங்களுக்கு எடுப்பா இருக்குன்னு சொன்னீங்க. நான் போட்டிருந்தது பச்சை. என்னைப் பார்த்துத் தடுமாறிட்டீங்கன்னு பதினாலு வருஷமா பெருமைப்பட்டுக்கிட்டு இருக்கேன்!"

வாத்தியார் மெல்லத் தலையைத் தூக்கினார்.

"சிவப்புன்னு சொன்னதுக்குக் கண்ணு காரணம். அன்னிக்கு வாசப்படியில தடுக்கி விழுந்தேனே, அதுக்கு நீதான் காரணம்."