பாசி வளர்த்த படிக்கட்டு

விறகுக்கட்டைத் தலையில் ஏற்றி எண்பத்திரண்டு படி ஏறி முடிக்கும்வரை, ஜோசப்பினுக்குக் கழுத்து என்று ஒன்று இருப்பதே தெரியாது. இறக்கி வைத்த பிறகுதான் அது எரியத் தொடங்கும். விடியற்காலை ஐந்து மணி. கந்தப்பளைக்கு மேலே ஆர்டன்வேல் தோட்டத்தில் அந்நேரத்துப் பனி காதுக்குள் ஊசியாய் இறங்கும். ஜோசப்பினுக்கு முன்னால் ஐந்து பெண்கள், பின்னால் நான்கு பேர். யாரும் பேசமாட்டார்கள். மூச்சு மட்டும் வாங்கும்.

அவர்கள் ஏறிப்போவது ‘லயம் சூட்’ என்கிற சொகுசு அறைக்கு.

தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டு அந்த மலையில் ஒரு கேளிக்கைப் பூங்கா போட்டிருந்தார்கள். ராட்சத ராட்டினம், பேய் வீடு, வருஷம் முழுக்கப் பல் கிட்டுகிற ஊரில் தண்ணீரில் விழுந்து விளையாட ஒரு சறுக்கு. எல்லாவற்றுக்கும் உச்சியில், பெரும் பணக்காரர்கள் தங்குவதற்கென்றே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டைப் போலக் கட்டிய ஒரு லயக் காம்பரா. வெளியே தகரக் கூரை, உள்ளே சூடேறும் தரை. கொழும்பிலிருந்து ஓர் ஓவியர் வந்து மூன்று வாரம் தங்கி, சுவரில் அடுப்புக்கரி படிந்ததுபோல வரைந்துவிட்டுப் போனார். அந்தக் கரி அழியாமல் தூசி தட்டுவது ஜோசப்பினின் வேலைகளில் ஒன்று. கட்டிலின் தலைமாட்டில் ஒரு பொத்தான். அழுத்தினால் தகரத்தில் மழை பெய்கிற சத்தம் கேட்கும். சத்தம் மட்டும். கீழே அவள் குடியிருந்த உண்மையான லயத்தில் மழைக்குப் பொத்தான் தேவைப்படவில்லை. அது நேராகச் சோற்றுப்பானைக்குள்ளேயே பெய்தது.

அந்தச் சூட் அறையில் குளிக்கிற தண்ணீரைச் சுடவைப்பது மின்சாரம். விறகு வெறும் வாசனைக்கு. அதை வண்டியில் ஏற்றலாம், பின்பக்கம் நல்ல ரோடு இருக்கிறது. ஆனால் விருந்தாளிகள் எழுந்து தேநீர்க் கோப்பையோடு வராந்தாவுக்கு வரும்போது, பனிக்குள்ளிருந்து பத்துப் பெண்கள் இடுப்பில் சாக்குப் படங்கு கட்டி, தலையில் சுமையோடு ஏறிவர வேண்டும். பூங்காவில் வேலை செய்யும் இளைஞன் விஜிதரன் ஒட்டு மீசையும் பிரம்புமாய்க் கங்காணி வேஷத்தில் நின்று அவர்களை அதட்ட வேண்டும். விருந்தாளிகள் கைதட்டுவார்கள். இதற்கு அனுபவம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

படிகளில் பாசியை வேண்டுமென்றே வளர்த்திருந்தார்கள். பழசாகத் தெரிய வேண்டுமென்று புதுக் கல்லின்மேல் மோர் ஊற்றி வளர்த்த பாசி. அதைச் சுரண்டிவிடுங்கள், முடியாவிட்டால் பிடித்து ஏற ஒரு கம்பியாவது போடுங்கள் என்று ஜோசப்பின் இரண்டு முறை மேனேஜர் கிளைவிடம் போய்ச் சொன்னாள். கிளைவ் ஒன்றும் சீமையிலிருந்து வந்தவன் இல்லை. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கிளாக்கரின் மகன். கம்பி போட்டால் படம் எடுக்கும்போது அசிங்கமாக விழும் என்று சொல்லிவிட்டான்.

அந்த வியாழக்கிழமை, வரிசையின் கடைசியில் வந்த காளியாயிக்கு அறுபதாவது படியில் கால் வழுக்கியது. விறகு முறிகிற சத்தம் என்றுதான் ஜோசப்பின் நினைத்தாள். திரும்பிப் பார்த்தபோது காளியாயி பத்துப் படிகளுக்குக் கீழே கிடந்தாள். முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. வராந்தாவில் ஒரு மனிதர் கைதட்டினார். இதுவும் காட்சியில் சேர்த்தி என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டு தட்டோடு நிறுத்திக்கொண்டு, கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

பூங்காவின் வேனைக் கேட்டார்கள். அது நுவரெலியாவிலிருந்து விருந்தாளிகளைக் கூட்டிவரப் போக வேண்டும் என்றான் கிளைவ்.  ஜோசப்பின் நேரே சூட் அறைக்குள் போய், அழகுக்காக மடித்து வைத்திருந்த கம்பளியை உருவிக்கொண்டு வந்தாள். அதில் காளியாயியைக் கிடத்தி நாலு பேராய்த் தூக்கினார்கள். விஜிதரன் மீசையைப் பிய்த்து எறிந்துவிட்டு ஒரு முனையைப் பிடித்தான். ரோட்டில் வந்த ஆட்டோக்காரர் ஒருவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

மறுநாள் மத்தியானம் கிளைவ் ஒரு கடதாசியோடு லயத்துக்கே வந்தான்.

"இதுல காளியாயிகிட்ட கையெழுத்து வாங்கிக் குடுங்க, ஜோசப்பின். நீங்க சொன்னா கேப்பாங்க."

"என்னாங்க எழுதியிருக்கு?"

"ஆறு மணிக்கு முன்ன நடந்தது, அது வேலை நேரம் இல்ல. அவங்க கவனமில்லாம விழுந்துட்டாங்க. அவ்வளவுதான்."

"பாசி வளத்தத எழுதலிங்களா?"

"அது அலங்காரம்."

"அப்ப நாங்க?"

கடதாசியை அவள் முன்னால் நீட்டினான். இனிமேல் காளியாயியால் வேலைக்கு வர முடியாது, காம்பரா வேலை செய்கிறவர்களுக்குத்தான், மாத முடிவுக்குள் அவள் குடும்பம் காலி செய்ய வேண்டும் என்றான். ஞாயிற்றுக்கிழமை பூங்காவின் சேர்மன் தன் விருந்தாளிகளோடு வருகிறார், அன்றைக்கு மீதி ஒன்பது பேரும் குறையாமல் நிற்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனான். வரும்போது லயத்துச் சேறு படாமலிருக்கக் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தான். அந்த மடிப்பை அவிழ்க்காமலே போனான்.

அன்று சாயந்தரம் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவின் வாசலில் எல்லாரும் கூடினார்கள். பயம் இல்லை என்று யாரும் பொய் சொல்லவில்லை.  ஜோசப்பினுக்குக் கணவன் இல்லை, மூத்த மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், போவதற்கு வேறு கூரையும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டால் பிரச்சினை இதோடு போய்விடுமே என்று இரண்டு பேர் சொன்னார்கள். தாய் வயதுப் பெண்களை வேஷம் போட்டு அதட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் சோறு இறங்குவதில்லை, இனி அந்தப் பிரம்பைத் தொடமாட்டேன் என்று விஜிதரன் சொன்னான்.  பிறகு ஜோசப்பின் பேசினாள்.

"ஒவ்வொரு காம்பராவா காலி பண்ணச் சொன்னா நாம பண்ணிருவோம். இன்னிக்குக் காளியாயி அக்கா, அடுத்தது நான். எல்லாரும் சேந்து முடியாதுன்னா அவங்க யார வெளிய எறக்குவாங்க?"

மூன்று விஷயம் முடிவாயிற்று. இது வேலையில் நடந்த விபத்து என்று எழுத வேண்டும். காளியாயியின் காம்பராவைத் தொடக்கூடாது. படியில் பாசியைச் சுரண்டிக் கம்பி போட வேண்டும். அதுவரை யாரும் ஏறுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு அவர்கள் வழக்கம்போல வந்தார்கள். வந்து, ஒன்பது பெண்களும் விஜிதரனுமாய் அடிப்படியில் உட்கார்ந்தார்கள். மேலே சேர்மனும் விருந்தாளிகளும் கேமராக்களைத் தயாராகப் பிடித்துக்கொண்டு பனியைப் பார்த்தபடி நின்றார்கள். வெளிச்சம் வந்தது. பனி விலகியது. வேறொன்றும் வரவில்லை. கிளைவ் இரண்டு முறை இறங்கி வந்து, அந்த மூன்று விஷயத்தையும் கேட்டு, கத்திவிட்டுப் போனான். கடைசியில் சேர்மனே இறங்க ஆரம்பித்தார். காலில் பளபளக்கும் சப்பாத்து. பாதிப் படியில் கால் ஒருமுறை சறுக்க, கிளைவின் தோளைப் பற்றிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்கு வேலை குடுத்தது என் பிழையா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"எறங்கி வாங்க சார். பேசலாம்," என்றாள் ஜோசப்பின்.

"வழுக்குது."

"தெரியும் சார்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். பத்து ஜோடிக் கண்கள் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. முகம் சிவக்க, வலப்பனையில் இந்த வேலைக்கு ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள், இப்போதே வேனில் கொண்டுவருகிறேன் என்றார். பிறகு கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாக மேலே தவழ்ந்து போனார்.

சொன்னபடி ஒன்பது மணிக்கு வேன் வந்தது.  பன்னிரண்டு பெண்கள் கையில் புதுப் படங்கோடு இறங்கினார்கள். இவர்களைப் போலவே வெடித்த குதிகால்கள், இவர்களைப் போலவே பழைய சுவெட்டர்கள். இரண்டு பேர் சிங்களப் பெண்கள். மேலே ஏறிப் போங்கள் என்று வராந்தாவிலிருந்து கிளைவ் அவசரப்படுத்தினான்.

முன்னால் வந்தவள் கிருஷாந்தி என்று பிறகுதான் தெரிந்தது. அவள் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். என்ன விஷயம் என்று மெதுவாகக் கேட்டாள். ஜோசப்பின் எழுந்து நின்று சொன்னாள். காளியாயியின் கால், அந்தக் கைதட்டல், கடதாசி, காம்பரா. போகாதீர்கள் என்று மட்டும் அவள் சொல்லவில்லை. அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

கிருஷாந்தி முதல் படியில் காலை வைத்து அழுத்திப் பார்த்தாள். எடுத்துவிட்டாள். திரும்பித் தன் ஆட்களிடம் தமிழில் கொஞ்சமும் சிங்களத்தில் கொஞ்சமுமாய் விஷயத்தைச் சொன்னாள். சிங்களப் பெண்களில் மூத்தவள் படியின் உச்சிவரை ஒருமுறை பார்த்துவிட்டு, கையிலிருந்த படங்கைத் தரையில் விரித்தாள்.

மேலே கிளைவ் பொலிஸுக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க தங்கச்சி," என்றாள் கிருஷாந்தி. "நாங்க பன்னெண்டு பேரு இருக்கோம்."