முட்டிக்கு வலி, பல்லுக்குத் தண்டனை

அருள்நாதனுக்கு வலித்தது வலது முட்டி. டாக்டர் பார்த்தது வாயை.

முட்டியைக் காட்டுவதற்காகத்தான் வேட்டியைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தென்னூர் டாக்டர் ரத்தினவேல் எல்.எம்.பி., ஏலத்துக்கு வந்த பழைய சைக்கிளைப் பார்ப்பதுபோல அதை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச்சு லைட்டை அடித்து, ஒரு கம்பியால் பற்களைத் தட்டிக்கொண்டே போனார். சீமையில் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். பல்லின் வேரில் ஒளிந்திருக்கும் விஷம் இரத்தத்தில் இறங்கி மூட்டில் போய்க் குடியேறுகிறதாம். எந்தப் பல் என்று சொல்ல முடியாததால் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவதே உத்தமமாம்.

தன் பல் எதுவும் இதுவரை வலித்ததில்லை என்று அருள்நாதன் பணிவாகத் தெரிவித்தான். வலிக்காத பல்தான் ரொம்ப மோசம் என்றார் டாக்டர். வலித்தாலும் குற்றம், வலிக்காவிட்டாலும் குற்றம் என்றால் அப்புறம் எந்தக் கோர்ட்டில் போய் வழக்காடுவது?

அருள்நாதன் பாலக்கரையில் ஒரு பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவன். மேல் பல்லை அதன்மேல் ஊன்றி, கீழ் உதட்டை மடித்து ஊதினால்தான் அது கிளாரினெட். இல்லாவிட்டால் அடுப்பங்கரை ஊதுகுழல். ஆனால் பேண்டுக்காரன் உட்கார்ந்து வாசிக்கிற வித்துவானும் இல்லை. கலியாண ஊர்வலத்துக்கு முன்னால் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். ஆக, பிழைப்பு பல்லிலும் இருந்தது, முட்டியிலும் இருந்தது. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிக்கொள் என்றால் எப்படி?

இதை வீட்டில் சொல்லலாம் என்று வந்தால், வீட்டில் நாளே குறித்துவிட்டார்கள். அவன் மனைவி சவரியம்மாளின் தம்பி சகாயநாதன் அந்த டாக்டரிடமே கம்பவுண்டர். செய்தி இவனை முந்திக்கொண்டு சைக்கிளில் வந்துவிட்டது.

"தபசு காலத்துலயே முடிச்சுருவோம் மச்சான்," என்றான் சகாயநாதன். "கலியாணம் கிடையாது, ஊத வேண்டியதில்ல. கறியும் கிடையாது, கடிக்க வேண்டியதில்ல. பல்லுக்கு இப்ப வேலையே இல்லையே. ஈஸ்டருக்குள்ள மெட்ராஸ்லேருந்து பல் செட்டு வந்துரும்."

யோசனையில் ஓட்டை எதுவும் கண்டுபிடிக்க முடியாததுதான் அருள்நாதனுக்கு எரிச்சலாக இருந்தது. ஆண்டவர் நாற்பது நாள் உபவாசம் இருந்த காலத்தை இவன் பல் பிடுங்க வசதியான லீவு என்று கணக்குப் பண்ணியிருக்கிறான். சவரியம்மாளும், ஆமாம், கஞ்சிதானே குடிக்கப் போகிறீர்கள் என்றாள். தெருவில் இருந்த நாலு பேர் வந்து துக்கம் விசாரித்துவிட்டே போனார்கள். அவன் பல்லைப் பற்றி அவனைத் தவிர எல்லோரும் பேசினார்கள்.

குறித்த நாளில் நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் துண்டு கட்டினார்கள். மச்சினன் தலையைப் பிடித்துக்கொண்டான். டாக்டர் குறடோடு வந்து வாயைத் திறக்கச் சொன்னார். அருள்நாதன் திறக்கவில்லை. பெரிய தீரம் ஒன்றும் இல்லை. வாய் தானாகவே பூட்டிக்கொண்டது. ஐந்து நிமிஷம் கெஞ்சிப் பார்த்துவிட்டு, இவனைப் போன்ற மடையர்களால்தான் தேசம் முன்னேறவில்லை என்றார் டாக்டர். கழுத்தில் கட்டிய துண்டோடே அருள்நாதன் நொண்டிக்கொண்டு வெளியே வந்தான்.

அதற்குள் பிடித்தது அடுத்த சனியன்.

மன்னார்புரம் ராசப்பன் இயற்கை வைத்திய சங்கத்துக்காரர். இங்கிலீஷ் மருந்தையும் காப்பியையும் ஒரே மூச்சில் திட்டுவார். டாக்டரின் நாற்காலியிலிருந்து ஒருவன் முழுப் பல்லோடு தப்பி வந்தான் என்று கேள்விப்பட்டதும் வீடு தேடி வந்து மாலை போட்டார். அருள்நாதன் உச்சி குளிர்ந்துபோனான். மறுநாளிலிருந்து முட்டியில் ஆற்று மண் பற்று, விடியற்காலையில் இடுப்புக் குளியல், மூன்று வேளையும் பச்சைக் காய். டாக்டர் பல்லைக் கேட்டார். இவர் அந்தப் பல்லுக்கு வேலை கொடுத்தே கொன்றார். பச்சைக் கத்தரிக்காயை மென்று பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை புரியும். முட்டி மட்டும் எந்தக் கட்சியிலும் சேராமல் தன் பாட்டுக்கு வலித்துக்கொண்டிருந்தது.

ஈஸ்டர் நெருங்கி, பெரிய வியாழனுக்கு முந்தின வாரம் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபத்துக்குப் பக்கத்தில், வற்றிய காவிரி மணலில் சங்கத்தின் கூட்டம். அருள்நாதனை மேடையில் ஏற்ற இரண்டு பேர் கைத்தாங்கல் கொடுத்தார்கள். அப்படி ஏறியவனைக் காட்டி, இவருக்கு வலி முக்கால்வாசி போய்விட்டது, சாகும்வரை இங்கிலீஷ் மருந்தைத் தொடுவதில்லை என்று பிரதிக்ஞை செய்திருக்கிறார் என்று ராசப்பன் முழங்கினார். அருள்நாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வாரம் தலைவலிக்கு அவன் ஒரு மாத்திரை விழுங்கியிருந்தான். அது நல்ல மாத்திரை.

"நான் அப்படி ஒண்ணும் சொல்லலீங்களே," என்றான் மெதுவாக.

ராசப்பன் காதில் வாங்கவில்லை. "ஜனங்க பாக்கட்டும். வாயைத் திறங்க தம்பி."

அருள்நாதன் அவர் முகத்தைப் பார்த்தான். தென்னூரில் குறடு இருந்தது, இங்கே மாலை இருந்தது. மற்றபடி அதே வார்த்தை, அதே அதிகாரம். வாயை இறுக மூடிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினான். இறங்கும்போது கைத்தாங்கல் கொடுக்க யாரும் வரவில்லை.

பொழுது சாய்வதற்குள் வீடு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கத்தினான். இந்த ஊரில் எவனுக்கும் வேறு வேலை இல்லையா, என் வாய் என்ன சத்திரமா என்று கேட்டான். சவரியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"வேணாம் வேணாங்கிறீங்க. என்னதான் வேணும்? ஞாயித்துக்கிழமை பூசையில முட்டி போட முடியாம பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே, நான் பாக்கலைன்னு நெனச்சீங்களா? எங்கப்பாவும் இப்படித்தான் காலு வலிக்குதுன்னாரு. அப்புறம் பாயை விட்டு எந்திரிக்கவே இல்ல. நான் யாரைப் போயி நம்புறது? டாக்டரு சொன்னாரு, நம்பிட்டேன்."

அவளுடைய அப்பாவைப் பற்றி அவன் நினைத்தே பார்க்கவில்லை. கோபம் பாதியில் நின்றது. மிச்சத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சவரி."

"கேட்டா வேணாம்னுதானே சொல்லுவீங்க."

"ஆமா. அப்படிச் சொல்றதுக்குத்தான் கேக்கணும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "சரி, கேக்குறேன். என்ன செய்யலாம்?" என்றாள். அவனுக்கோ இத்தனை நாள் வேண்டாம் என்று சொல்வதிலேயே காலம் போய்விட்டது. இருவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். பல் இருக்கட்டும். முட்டி வலிக்கும், வலிக்கட்டும். நடக்கத்தானே முடியாது?

ஈஸ்டர் முடிந்து முதல் கலியாணம் தென்னூரில். பேண்டு மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். பேண்டுக்காரன் ஜட்கா வண்டியில் வருவதாவது, பார்க்கிறவர்கள் மாப்பிள்ளை யார் என்று குழம்ப மாட்டார்களா என்றார். அருள்நாதன் பிடிவாதமாக ஏறி உட்கார்ந்தான். முட்டிக்கு அடியில் ஒரு கோணியை மடித்து வைத்துவிட்டு, சவரியம்மாள் பெண்கள் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டாள். மற்றவர்கள் முன்னால் நடக்க, சிவப்புக் கோட்டும் பித்தளைப் பொத்தானுமாக அவன் மட்டும் ஜட்காவில் வந்தான். கூட்டத்தில் ஒரு கிழவர் அவனுக்குக் கும்பிடு போட்டார்.

சத்தம் கேட்டு டாக்டர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார். "காலு போகப் போகுது, சொல்லிட்டேன்," என்றார். எதிர்ச் சாரியில் ராசப்பன் வண்டியோடு சேர்ந்து நடந்தபடி, மண் பற்றை விட்டதால் வந்த வினை என்று ஊருக்கே விளக்கம் சொன்னார்.

இரண்டு பேரில் ஒருவர் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம் என்று அருள்நாதனுக்கும் பட்டது. டாக்டர் சொல்வதுதான் சரி என்று வைத்துக்கொண்டாலும் பல் அவனுடையதுதான். அதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது. ஆனால் பாட்டு நடுவில் இருந்தது, வாய் காலியாக இல்லை. சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. முட்டியில் சுருக்கென்று குத்தியது; ஸ்வரம் ஒன்று வழுக்கி விழுந்தது. முன்னால் போன பேண்டு மாஸ்டர் திரும்பி முறைத்தார். அருள்நாதன் பல்லை நன்றாக ஊன்றிக்கொண்டு அடுத்த ஸ்வரத்தைப் பிடித்தான்.