நாற்பதுக்கு இருபத்தைந்து

பிளஸ் ஒன் இயற்பியலில் நான் கோட்டைவிட்டேன். மே மாதத்துக்குள் ஆன்லைன் கோர்ஸ் ஒன்றில் பாஸாகி சர்டிபிகேட் கொண்டுவந்தால் சயின்ஸ் குரூப்பிலேயே தொடரலாம், இல்லாவிட்டால் காமர்ஸுக்கு மாற வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். காமர்ஸ் என்றால் மாமாவின் பட்டுக்கடையில் கணக்கு எழுத உட்கார வேண்டியதுதான். மாமாவுக்குக் கல்யாண வயதில் ஒரு பையன் வேறு இருக்கிறான். அவன் தலையில் என்னைக் கட்டிவிடுவார்கள்.

தனசேகரன் அண்ணனின் பிரவுசிங் சென்டருக்கு அம்மாவும் தினமும் காவலுக்கு வந்தாள். பாட வீடியோ அடிக்கடி நின்றுபோகும்.

"இந்த வாத்தியாரு இன்னாடி, வாயைத் தொறந்துகினே நிக்கிறாரு?" என்பாள். நின்ற இடத்தையெல்லாம் நான் புத்தகத்தில் தேடிப் படித்தேன்.

பரீட்சையில் நாற்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகளில் ஒன்றை அழுத்த வேண்டும், இருபத்தைந்து சரியென்றால் பாஸ். ஒருமுறை அழுத்திய விடையை மாற்ற முடியாது. இருபத்தைந்தாவதை முடித்ததும் பயத்தில் வயிறு முறுக்கியது. கடையில் கழிப்பறை கிடையாது.

"யாரையும் தொட விடாதம்மா" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் பக்கத்து வீட்டு சகாயமேரி அக்காவிடம் ஓடினேன்.

எங்கள் வீட்டில் தறி சும்மா நிற்கக் கூடாது. அப்பா சாப்பிட எழுந்தால் அம்மா உட்காருவாள், அம்மா எழுந்தால் நான். விட்ட இடத்திலிருந்து நெய்ய வேண்டியதுதான், யாரும் யாரையும் கேட்பதில்லை.

திரும்பி வந்தால் என் நாற்காலியில் அம்மா. கையில் மவுஸ்.

"நேரம் ஓடிகினே இருந்திச்சு. நானே முடிச்சிட்டேன்."

"எதைப் பார்த்துப் போட்ட?"

"பொடவையில கோபுரக் கரைக்கு ஏத்தி எறக்குற மாதிரி, மேலேர்ந்து கீழ, கீழேர்ந்து மேல. அழகா வந்திச்சு."

"என் வாழ்க்கையே போச்சு!" என்று கத்தினேன். அண்ணன் ஓடிவந்தார். அதற்குள் திரையில் ரிசல்ட் வந்துவிட்டது. நாற்பதுக்கு இருபத்தைந்து. பாஸ்!

அண்ணன் விடைகளைத் திறந்து காட்டினார். நான் போட்ட இருபத்தைந்தும் சரி. இயற்பியலில் எனக்கு இப்படி நடந்ததே இல்லை, குதிக்க வேண்டும்போல் இருந்தது. அம்மா போட்ட பதினைந்தும் தப்பு. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாலே மூன்று நான்கு சரியாகிவிடும். அத்தனையும் தப்பாகப் போடத் தனித் திறமை வேண்டும்.

அம்மா முந்தானையை முறுக்கியபடி நின்றிருந்தாள். நான் கத்தியதில் முகம் சுருங்கிப் போயிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது.

"என்னுது எப்படிடி?" என்றாள் மெதுவாக.

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"பதினஞ்சும் சரிம்மா."

அம்மாவின் முகம் மலர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

"மொத்தம் இருபத்தஞ்சு. அதுல என்னுது பதினஞ்சு..."

என் தலையில் ணங்கென்று ஒரு குட்டு விழுந்தது.

"மாசம் பூரா படிச்சிகினு இருந்துட்டு, நீ பத்துதானாடி சரியா போட்ட?"