மூன்றாவது கைக்கு ஒரு சொல்

நேர்முகத் தேர்வுக்கு அவள் உள்ளே போகும் நேரத்தில் நான் ஒரு பிரெஞ்சுச் சொல்லைக் கொடுத்தனுப்பினேன். தப்பான சொல். கேட்டதும் கொடுத்துவிடுவேன், தெரியாது என்று சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

கலை வரலாற்றையும் பிரெஞ்சையும் சேர்த்துப் படிக்கிறவர்கள் பல்கலைக்கழகத்திலேயே நானும் அவளும் இரண்டு பேர்தான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். பிரான்சில் ஓராண்டு படிக்க ஒரே ஓர் இடம் உண்டு. மூன்று வருடமாக அவள் படித்ததே அதற்காகத்தான். நான் விண்ணப்பித்ததற்குக் காரணம், அவள் படிவம் வாங்கப் போனபோது கூடப் போனது.

தேர்வில் ஆளுக்கோர் ஓவியத்தைப் பற்றிப் பேசவேண்டும். அவள் பேச எடுத்தது ஒரு பெண்ணின் உருவப்படம். மடியில் கோத்த இரண்டு கைகள். மேல்சாயம் மெலிந்துபோய், ஓவியன் முதலில் வரைந்து பிறகு மனம் மாறி மறைத்த இன்னொரு கை தோள்பக்கம் மங்கலாக எட்டிப்பார்க்கும்.

"டேய் அகராதி, இப்படித் திருத்தினது தெரியறதுக்கு ஒரு வார்த்தை இருக்கே, என்னடா அது? பதட்டத்துல மறந்தே போச்சு."

அகராதி என் பட்டப்பெயர். படிப்புக்குப் பாதி, திமிருக்குப் பாதி.

"ரமோர். வருத்தம்னு அர்த்தம் வருமே, அதான்."

கதவு மூடியது. கை சும்மா இருக்காமல் புத்தகத்தைப் புரட்டினேன். அவள் கேட்ட சொல் ரபாந்தீர். அதுவும் வருத்தம்தான், ஆனால் திருத்திக்கொள்ளும் வருத்தம். ரமோர் என்றால் குற்றவுணர்வு. உள்ளே சிரிப்பு கேட்டது. ஓவியனின் குற்றவுணர்வுக்குக் கை முளைத்திருக்கிறது என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? நன்றாகப் போகிறது போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்து நான். என் பேச்சு முடிந்ததும் தேர்வுக்குழுத் தலைவர் இன்னும் சிரிப்பு அடங்காமல் கண்ணைத் துடைத்தபடி, "அந்த மூணாவது கைக்கு என்ன பேரு, நீங்களாவது சொல்லுங்க" என்றார். சொன்னேன். இடம் எனக்கு.

அந்தச் சொல்லால்தான் அவளுக்குக் கிடைக்காமல் போனதா என்று பிரெஞ்சு ஆசிரியையிடம் கேட்டேன். "ஒரு வார்த்தையா தீர்மானிக்கும்? பல விஷயம் இருக்குப்பா." கலை வரலாற்றுப் பேராசிரியர் ஜன்னலைப் பார்த்தார். அம்மா, "உனக்குன்னு எழுதியிருக்குடா" என்றாள். அவளிடம் மட்டும் கேட்கவில்லை. மூன்று வாரம் டீ வாங்கிக்கொடுத்தேன். அவளும் குடித்தாள்.

துறையின் படக்காப்பறையில் அவளுக்குப் பகுதிநேர வேலை. ஓவியங்களின் புகைப்பட அட்டைகளை நூற்றாண்டு வாரியாக இழுப்பறைகளில் அடுக்கவேண்டும். விசா வந்த அன்று அங்கே போனேன்.

"அங்க குளிர் ஜாஸ்தியாம். நல்ல கோட்டா வாங்கிக்கோ" என்றாள்.

"ஒண்ணு சொல்லணும். நீ உள்ள போன ரெண்டாவது நிமிஷமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு, தப்பான வார்த்தைன்னு. வெளியிலதான் நின்னேன்."

அவள் அட்டைகளைத் தட்டிச் சமன்செய்தாள். ஏற்கெனவே சமமாகத்தான் இருந்தன.

"கதவைத் தட்டியிருந்தா உனக்குக் கிடைச்சிருக்குமா? மழுப்பாம சொல்லு."

"கிடைச்சிருக்கும்" என்றாள்.

அட்டைகளை உள்ளே வைத்து இழுப்பறையைத் தள்ளினாள். நிறைந்திருந்ததால் பாதியில் சிக்கியது. உதவக் கை நீட்டினேன். அதற்குள் இடுப்பால் ஓர் இடி இடித்து அவளே மூடிவிட்டாள்.