பிறந்த இடம்: லீட்ஸ்

டெக்ஸாஸில் ரவுண்ட் ராக் என்ற ஊரின் தமிழர்களுக்கு வான்மதியை 'ஓப்பரா ஆன்ட்டி' என்றால்தான் தெரியும். அவள் வாழ்நாளில் ஓப்பரா பாடியதே இல்லை. வேஷம் கட்டாமல், நடிக்காமல், இசைக்குழுவுக்கு முன்னால் கையில் புத்தகத்தோடு நின்று பாடுகிற கச்சேரிப் பாடகி அவள். இதை எத்தனையோ பேருக்கு விளக்கிப் பார்த்து, அலுத்துப்போய் விட்டுவிட்டாள். கேட்டவர்கள் எல்லோரும் கடைசியில், "அப்ப சினிமாப் பாட்டும் பாடுவீங்களா ஆன்ட்டி?" என்றுதான் முடித்தார்கள்.

அப்பா ஈரோட்டிலிருந்து இங்கிலாந்துக்குப் போன டாக்டர். வான்மதி பிறந்ததும் வளர்ந்ததும் லீட்ஸ் நகரத்தில். வீட்டில் கொங்குத் தமிழ், வெளியில் ஆங்கிலம். பெண்களில் அபூர்வமாக ஒருத்திக்கு வாய்க்கிற கனத்த, தாழ்ந்த குரல் அவளுக்குப் பதினைந்து வயதிலேயே வந்துவிட்டது. லண்டன் இசைக் கல்லூரியில் உதவித்தொகையோடு படித்தாள். இருபத்தெட்டு வயதில் பெரிய தேவாலயங்களிலும் நகர மன்றங்களிலும் வருஷத்துக்கு நாற்பது கச்சேரி. அவள் பாட எழுந்தால் பின்னால் நிற்கிற நூறு பேர் கூட்டிசைக்காரர்களும் இருமலை அடக்கிக்கொண்டு நிற்பார்களாம். இதெல்லாம் ரவுண்ட் ராக்கில் யாருக்கும் தெரியாது.

கல்யாணம் 2008-இல். மாப்பிள்ளை கோபிசெட்டிபாளையத்துச் சபரிநாதன், டெக்ஸாஸில் கம்ப்யூட்டர் வேலை, குரலை உயர்த்தாத மனுஷர். "அமெரிக்காவுல இல்லாத ஹாலா? நீ அங்க வந்து பாடு மதி" என்று அவரே சொன்னார். அதை நம்பித்தான் விமானம் ஏறினாள்.

வந்த பிறகுதான் தெரிந்தது, புருஷன் விசாவில் வந்தவள் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது என்று. சும்மா பாடலாம். காசு வாங்கிப் பாடினால் சட்டவிரோதம். 2010-இல் சபரிநாதனின் கம்பெனி கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியது. அது வந்தால் அவளும் சம்பாதிக்கலாம், ஆனால் இந்தியர்களின் வரிசை அனுமார் வால். அடுத்த வருஷம் செப்டம்பரில் டெக்ஸாஸின் பெரிய இசைக்குழு ஒன்று அவளைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஒரு பருவம் முழுக்க ஐந்து கச்சேரிக்குக் கூப்பிட்டது. "வேலை அனுமதி இருக்கிறதா?" என்று கேட்டார்கள். இல்லை என்றாள். மறு வருஷமும் கேட்டார்கள். அதற்கடுத்த வருஷம் கேட்கவில்லை.

இங்கிலாந்துக்குப் போய்ப் பாடலாமே என்றால், இரண்டு பருவம் அதையும் செய்தாள். பிறகு மகள் பிரீத்தி பிறந்தாள், பிரயாணம் நின்றது. கூப்பிடு தூரத்தில் இல்லாத பாடகியை யாரும் கூப்பிடுவதில்லை. 2015-இல் மனைவிமார்களுக்கும் வேலை அனுமதி கிடைத்தபோது அவளுக்கு முப்பத்தேழு. ஏஜென்ட் எப்போதோ கைகழுவிவிட்டார். சபரிநாதன் மற்ற வீடுகளைப் போலவே மனைவியை சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸில் சேர்த்துவிட்டார். இன்றும் அதுதான் வேலை. பிறர் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பது.

கிரீன் கார்டு வந்தது 2021-இல். பதினோரு வருஷம். அந்த வருஷம் ஆறு மாதம் விடாமல் சாதகம் செய்து பார்த்தாள். குரல் ஏறியது, இறங்கியது, மூச்சுதான் தாங்கவில்லை. பாதி வரியில் காற்று தீர்ந்துபோனது. ஒரு வாரம் அழுதாள். பிறகு, சட்டம் அப்படி, யாரைக் குற்றம் சொல்ல என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். யார்மேலும் கோபப்படத் தேவையில்லை என்ற அந்த ஓர் ஆறுதலில்தான் ஐந்து வருஷம் ஓடியது.

இந்த வருஷம் குடியுரிமைக்கு அப்ளை பண்ணலாம் என்று ரோஷினியிடம் போனாள். ரோஷினி இங்கேயே பிறந்து வளர்ந்த இளம் வக்கீல், உடைந்த தமிழில் அன்பாகப் பேசுகிற பெண். பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க இங்கிலாந்துல பொறந்தீங்களா? அப்புறம் ஏன் லெவன் இயர்ஸ் வெயிட் பண்ணீங்க?"

"இந்தியா கியூவுல இருந்தோம்மா."

"நோ ஆன்ட்டி. கியூ பொறந்த நாட்டை வச்சுதான். ஹஸ்பண்ட், வைஃப் ரெண்டு பேருல யாரோட கியூ சின்னதோ அதுல ரெண்டு பேரும் போகலாம். இங்கிலாந்துக்கு அப்ப கியூவே இல்ல. ஒரு வருஷத்துல வந்திருக்குமே! பழைய லாயர் கேக்கலையா?"

எப்படி வண்டி ஓட்டி வீடு வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. நேராக அலமாரியைத் திறந்து கிரீன் கார்டு ஃபைலை எடுத்தாள். 2010-இல் சபரிநாதன் நிரப்பிக் கொடுத்த விவரப் பட்டியல் முதலில் இருந்தது. கணவன் பிறந்த நாடு இந்தியா. மனைவி பிறந்த நாடு இந்தியா. கம்ப்யூட்டரில் தன் கட்டத்தில் இருந்ததை அப்படியே கீழே இழுத்து அவள் கட்டத்தையும் நிரப்பியிருக்கிறார். அவசரத்தில் யாருக்கும் நேர்கிற தப்புதான், அவளே தினம் பத்து பார்க்கிறாள். ஆனால் நாலு தாள் தள்ளி ஒரு மெயில் இருந்தது. தேதி 2011 மார்ச். 'உங்கள் மனைவியின் பாஸ்போர்ட் பிரிட்டிஷ். பிறந்த நாடு இந்தியாதானா, உறுதிப்படுத்தவும்' என்று வக்கீல் ஆபீஸ் கேட்டிருந்தது. கீழே சபரிநாதனின் பதில். 'ஆமாம், இந்தியா.'

சனிக்கிழமை என்பதால் அவர் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். தாளை அவர்முன் நீட்டினாள். படித்தார். அடுப்பை அணைத்தார்.

"லாயர் ஒழுங்கா கேட்டிருக்கணும் மதி."

"கேட்டிருக்காங்க. நீங்கதான் பொய் சொல்லியிருக்கீங்க."

"அந்த வருஷம் ஆபீஸ்ல ஆளுங்களைத் தூக்கற லேஆஃப் ஓடிட்டு இருந்துது. ஃபார்ம்ல தப்புன்னு சொன்னா கம்பெனில கேள்வி வரும். ஒரு சின்ன கட்டம், அதுல என்ன ஆயிடப்போகுதுன்னு நெனச்சேன். இப்படி ஒரு ரூல் இருக்கறதே அப்ப எனக்குத் தெரியாது."

"அப்ப தெரியாது. எப்பத் தெரிஞ்சுது?"

அவர் தோசைக் கரண்டியைக் கழுவப் போனார். அவள் நகரவில்லை.

"2013ல. டாலஸ் கிட்டுசாமி வைஃப் குவைத்துல பொறந்தவ. அதை வச்சு அவனுக்கு எட்டு மாசத்துல கார்டு வந்துச்சு."

சபரிநாதனின் நண்பர் கிட்டுசாமி வீட்டில் நடந்த அந்தக் கிரீன் கார்டு பார்ட்டி அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கைக்குழந்தையோடு போய், வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்து, கிட்டுசாமி மனைவியைக் கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டு, திரும்பும் வழியெல்லாம் ஃப்ரீவேயில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். இந்த மனுஷர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையால் அவள் தோளைத் தட்டி, "நமக்கும் ஒரு நாள் வரும்" என்றார். எல்லாம் தெரிந்துகொண்டே சொல்லியிருக்கிறார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. எனக்கு முப்பத்தஞ்சு வயசுதாங்க."

"எப்படி மதி சொல்றது? முன்னாடியே பொய் எழுதிக் குடுத்தாச்சு. மாத்துனா மொத்த அப்ளிகேஷனும் போயிடும்னு பயம். நீ வேற என்ன சொல்லுவியோன்னு... நீயும் அப்புறம் பாட்டை விட்டுட்ட. நீ மறந்துட்டன்னு நெனச்சேன்."

அவள் அடுப்படியை விட்டு வெளியே வந்தாள். சாப்பாட்டு மேசையில் லேப்டாப் திறந்திருந்தது. இரண்டு பேருடைய குடியுரிமை ஃபார்மையும் அவள்தான் நிரப்பிக்கொண்டிருந்தாள், இந்த வீட்டில் ஃபார்மில் தப்பு விடாதவள் அவள்தான் என்பதால். சபரிநாதனின் ஃபார்மைத் திறந்து, ஆமாம்-இல்லை கேள்விகளில் ஒன்றில் நிறுத்தி உரக்கப் படித்தாள்.

"அரசாங்கத்துக்கு எப்பவாவது பொய்யான தகவலோ தப்பான தகவலோ குடுத்திருக்கீங்களா?"

சபரிநாதன் மேசைக்கு ஓடி வந்தார். "நோ போடு. எல்லாரும் நோதான் போடறாங்க."

"இந்த மெயிலு?"

"அது லாயருக்குப் போட்டது. கவர்ன்மென்ட்டுக்கு நான் நேரா எதுவும் சொல்லல."

"லாயர் அதை யாருக்கு அனுப்புனாங்க?"

"எஸ் போட்டா கார்டையே புடுங்கிடுவாங்க மதி! வேலை, வீடு, எல்லாம் போயிடும். உனக்குப் புரியுதா இல்லையா?"

குரலை உயர்த்தாத மனுஷர் கத்தினார். அதைக் கேட்டதும் வான்மதிக்குப் புரிந்துவிட்டது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து அந்த மெயிலை எழுதியபோது இருந்ததும் இதே பயம்தான். இந்தப் பயத்துக்குத்தான் அவள் குரலைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். அவளுக்குக் கோபத்தைவிட அருவருப்புதான் அதிகம் வந்தது.

தன் ஃபார்மைத் திறந்தாள். ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்து, பிறந்த நாடு என்ற கட்டத்தை இரண்டு தடவை பார்த்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அவருடையதை அந்தக் கேள்வியிலேயே நிறுத்தி, லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். மெயில் தாளை மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டாள்.

"உங்களுதை நீங்களே நிரப்புங்க. எஸ்ஸோ நோவோ உங்க இஷ்டம்."

சபரிநாதன் ஸ்கிரீனைப் பார்க்கவில்லை, கைப்பையைப் பார்த்தார். மன்னிப்பு கேட்பார் என்று ஒரு நொடி, ஒரே நொடி, அவள் எதிர்பார்த்தாள்.

"அந்தத் தாளை யாருகிட்டயாவது காட்டிடுவியா மதி?" என்றார்.

"தெரியலைங்க. வெயிட் பண்ணிப் பாருங்க," என்றாள் வான்மதி. "பதினோரு வருஷம் நான் பண்ணலையா?"